ரஷீது அண்ணனின் ஷார்ஜா பயணம்

என் தையல் மிஷின் மேல் ஒரு கோடாலித் தைலக் குப்பி இருக்கிறது. ரஷீது அண்ணன் ஷார்ஜாவிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. தலைவலி வந்தால்கூட நான் அதைத் தொடுவதில்லை. அதைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வருகிறது. ஏனென்றால் அண்ணன் ஷார்ஜாவுக்குப் போகவே இல்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ரஷீது ராவுத்தர் என்று கேட்டால் யாரானாலும் கை காட்டுவார்கள். மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். என் கடைக்கு நேர் எதிரே மண்டி. மிளகாய் லாரி வரும் நாளில் நாங்கள் தும்மிக்கொண்டேதான் காஜா எடுப்போம். அவருடைய தாத்தா பாலக்காட்டிலிருந்து வந்தவர். அண்ணனுக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஆள் நல்ல வாட்டசாட்டம். அந்த உடம்பின் மேல் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முதலாளியே மூட்டை தூக்கினால், சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கூலி போகிறதே என்று சண்டைக்கு வருவார்கள். அதற்காக அவர்களுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு, லாரிக்கு ஒரு மூட்டையாவது தானே தோளில் ஏற்றிக் காட்டுவார். காசு கொடுத்து மூட்டை தூக்கிய ஒரே மனிதரை நான் பார்த்தது இங்கேதான்.

இந்த பஜாரில் ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே ஒருத்தருக்கும் நோய் வராது. வரும், வெளியே சொல்ல மாட்டார்கள். எல்லாம் கடன் சரக்கு. விருதுநகரிலிருந்து தங்கதுரை முதலாளி லாரி லாரியாக மல்லி அனுப்புவது ரஷீது அண்ணனின் வாய் வார்த்தையை நம்பி. ஆள் படுத்துவிட்டார் என்று காதில் விழுந்தால் அவர் லாரியை நிறுத்துவார், இங்கே வாங்கியவர்கள் பாக்கியை நிறுத்துவார்கள். அதனால் மண்டிக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வயிற்று ஆபரேஷன் என்றால் இடம் பார்க்கப் போயிருக்கிறார். இப்படிச் சொல்லப்பட்ட கல்யாணங்கள் எல்லாம் நிஜமாக நடந்திருந்தால் கொச்சியில் கல்யாணமாகாத ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டினார், பேங்கு கடனில். கையெழுத்துப் போடும்போது பேங்குத் தம்பி நிகில் ஒரு விஷயம் சொன்னான்.

"இக்கா, இந்த லோனுக்கே ஒரு இன்சூரன்ஸ் உண்டு. கட்டுற ஆளுக்குப் பெரிய நோய் ஏதும் வந்தா, மிச்ச லோனைக் கம்பெனி அடைச்சிடும். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோயா? எனக்கா? இந்த நெஞ்சப் பாருடா மோனே. மிளகாய்த் தூசியில வளர்ந்த நெஞ்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜலீலா அக்கா பேனாவை எடுத்து அண்ணன் கையில் வைத்துவிட்டு நிகிலிடம் சொன்னார். "போட்டுக்கோங்க தம்பி. நெஞ்சு அவருது. வீடு என்னுது."

போன வருஷம் மழை தொடங்கிய சமயம், மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த நெஞ்சு பிடித்துக்கொண்டது. 'கேஸ்' என்றார் அண்ணன். சோடா குடித்தார். மறுநாளும் கேஸ். அதற்கு மறுநாள் அக்கா அவரை இழுத்துக்கொண்டு எர்ணாகுளம் போய்க் காட்டினார். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செத்துப் போவேனா என்று அண்ணன் கேட்கவில்லை. தங்கதுரைக்குத் தெரிந்துவிடுமா என்றுதான் கேட்டார். எர்ணாகுளத்தில் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனாலும் பஜாரில் பாதிப் பேர் ஆப்பிள் பையோடு நிற்பார்கள். ஆகவே ஆபரேஷன் கோயம்புத்தூரில் என்று முடிவானது. ஊருக்கு என்ன சொல்வது? மகள் உமைரா, மருமகன் ஷமீலோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். மகளைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லிவிடலாம்.

உமைரா போனில் அழுதாள். "நான் நாளைக்கே ஏறி வரேன் அத்தா."

"நீ இங்க வந்துட்டா, நான் அங்க யாரைப் பாக்கப் போயிருக்கேன்னு சொல்றது?" என்றார் அண்ணன்.

இந்த ஒரு பேச்சுக்காகவே அவரை ஒரு நாள் முழுக்கத் திட்டலாம். அத்தாவின் நெஞ்சைத் திறந்து தைத்த அன்று அந்தப் பெண் ஷார்ஜாவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். அவள் அங்கே இருந்தால்தானே கதை நிற்கும்.

இங்கே நாங்கள் ஒன்றும் தெரியாமல் வழியனுப்பினோம். டீக்கடை அப்புச்சேட்டன் உமைராவுக்கு என்று நேந்திரங்காய் வறுவல் இரண்டு பை கொடுத்தார். நான் அண்ணனின் பேத்திக்கு ராத்திரி பகலாக ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு என்று கிளம்பிய டாக்ஸி ஆலுவா ரயில் நிலையத்தில் போய் நின்றது. வறுவலைக் கோயம்புத்தூர் நர்சுகள் சாப்பிட்டார்கள். கவுன் ஆஸ்பத்திரி அலமாரியில் ஒரு மாதம் தொங்கியது.

திரும்பி வந்தவரைப் பார்த்து எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி ஆள்தான் வந்திருந்தார். ஆனால் அண்ணன் கையில் பதில் தயாராக இருந்தது, பையில் கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கிய பாரின் சாமான்களும் தயாராக இருந்தன. எனக்குக் கோடாலித் தைலம். அப்புச்சேட்டனுக்கு டார்ச் லைட். மற்றவர்களுக்குப் பேரீச்சம்பழம்.

"என்ன அண்ணே இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?"

"ஷார்ஜால இருபத்திநாலு மணி நேரமும் ஏ.சி. சங்கரி. மனுஷன் சுருங்கிப் போவான்."

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஷார்ஜாதான். உப்பில்லாத கஞ்சி, ஷார்ஜா பழக்கம். விடிந்ததும் நடை, ஷார்ஜாவில் எல்லோரும் நடப்பார்கள். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போடுவது அங்கத்து நாகரிகம். கொஞ்சம் நொண்டியது, பெரிய பெரிய மால்களில் சுற்றியதால். கூலி கொடுத்துத் தூக்கும் மூட்டையையும் நிறுத்திவிட்டார். அதற்கு அவர் சொன்ன ஷார்ஜாக் காரணம் எனக்கே இப்போது மறந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை அந்தத் தலையணை. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்கள் இருமும்போது தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் உயிர் போகிற வலி வருமாம். அண்ணனுக்கு வாய்த்ததோ மிளகாய் மண்டி. ஒரு நாளைக்கு எத்தனை இருமல்! கல்லாவில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஷார்ஜா ஆபீஸ்களில் முதலாளிமார் இப்படித்தான் உட்காருவார்கள் என்றார். நாங்கள் நம்பினோம். ஜலீலா அக்கா கேட்டு, அந்தத் தலையணைக்குச் சிவப்புப் பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்ததே நான்தான்.

சேமிப்பு ஆபரேஷனில் கரைந்தது. அரை நாள்தான் மண்டி. வீட்டுத் தவணை மூன்று மாதம் நின்றுபோனது. இப்படியே போனால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும் என்று நிகில் தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்கா அலமாரியைத் திறந்து பாலிசியை எடுத்தார். அதில் பெரிய நோய்களின் வரிசையில் பைபாஸ் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அண்ணன் நிறைவேற்றியிருந்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு மனுப் போட்டார்கள். இனி வீடு தப்பிவிடும் என்று அக்கா நிம்மதியாகத் தூங்கினார்.

இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க ஆள் அனுப்பும் என்று யாருக்குத் தெரியும்? பேர் லக்ஷ்மிநாராயணன். களமசேரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். யார் என்று சொல்லாமல் அப்புச்சேட்டன் கடையில் சாயா வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். இந்த ரஷீது ராவுத்தருக்கு உடம்பு எப்படி? முன்னாலேயே ஏதாவது சீக்கு இருந்ததா? ஆனி மாதம் எங்கே இருந்தார்?

பஜாரில் முகம் தெரியாத ஒருத்தர் மண்டிக்காரரின் உடம்பைப் பற்றிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விருதுநகர் தங்கதுரை உளவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்! அப்புச்சேட்டன் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். வேறு பேச்சே தேவைப்படவில்லை.

"ரஷீதிக்காவுக்கா? ஜலதோஷம் கூட வந்ததில்ல சாரே," என்றார் அப்புச்சேட்டன். "குதிரை மாதிரி இருப்பாரு. ஆனியிலே ஷார்ஜாவில் அல்லே இருந்தாரு. இதோ, அங்கேர்ந்து கொண்டு வந்த டார்ச்."

டார்ச்சை அடித்தும் காட்டினார். பட்டப்பகலில்.

என்னிடம் வந்தார். நான் சும்மா இருப்பேனா? கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டினேன். "போன வாரம் கூட சட்டைக்கு அளவு எடுத்தேன் சார். நெஞ்சு நாப்பத்தாறு" என்று அளந்து விட்டேன். அண்ணனின் நெஞ்சு அப்போது நாற்பதுகூடத் தேறாது. லக்ஷ்மிநாராயணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். அண்ணனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் அன்று அப்புச்சேட்டன் எங்களுக்கு இலவசமாகப் பழம்பொரி கொடுத்தார்.

பத்து நாள் கழித்து நிகில் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இக்கா, எந்தா இது? ஆபரேஷன் நடந்த சமயம் நீங்க ஷார்ஜாவில் இருந்தீங்கன்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கு. வேற யாரையோ உங்க பேர்ல படுக்க வச்சு ஆபரேஷன் செய்ததா கம்பெனிக்குச் சந்தேகம். விசாரணைக்காரர் மறுபடி வருவாரு. உங்க பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்றாங்க."

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையேடா மோனே!"

"அப்போ இல்லைன்னு காட்டணும்."

"இல்லாததை எங்கேர்ந்து எடுத்துக் காட்டுறது?"

அக்கா கணவரைக் கத்தி அழைக்கும் வழக்கம் உள்ளவர் அல்ல. அன்று கத்தினார். "என்னங்க! பொய்யச் சொன்னது நீங்க. இப்ப அந்தப் பொய்யோட வீட்டை விட்டுப் போகப்போறது நான். போய்ச் சொல்லுங்க. கடைத்தெருவுல நின்னு, எனக்கு நெஞ்சாபரேஷன்னு சத்தமாச் சொல்லுங்க."

அண்ணன் வந்தார். டீக்கடை நிறைந்திருக்கிற நேரம் பார்த்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஷார்ஜாவுக்குப் போகல. கோயம்புத்தூர்ல எனக்கு பைபாஸ் நடந்துச்சு. அன்னிக்கு வந்த ஆளு இன்சூரன்ஸ்காரரு. வீட்டு லோன் விஷயம். இனி வந்தா உள்ளதைச் சொல்லுங்க."

 அப்புச்சேட்டன் ஒரு கண்ணைச் சிமிட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். விஷயம் புரிந்துவிட்டதே! இன்சூரன்ஸ் பணத்துக்காக அண்ணன் ஒரு நோயைத் தயார் செய்கிறார்.

"இக்கா பயப்படண்டா," என்றார் அப்புச்சேட்டன். "நாங்க பாத்துக்கறோம்."

"அப்பு, நான் சத்தியமாச் சொல்றேன்..."

"சத்தியம் ஒண்ணும் வேண்டா. எங்களுக்கு மனசிலாச்சு."

நானும் என் பங்குக்கு, ஆபரேஷனைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, அழுகையா என்று தெரியாத பார்வை. அவ்வளவு நாள் அவர் சொன்ன பொய்யை எல்லாம் வாய் பிளந்து நம்பினோம். முதல் முறையாக உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

லக்ஷ்மிநாராயணன் இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை அண்ணனையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு டீக்கடையிலேயே விசாரித்தார். நாங்கள் வெளுத்து வாங்கினோம்.

"ஹார்ட்டு ரெண்டா வெடிச்சுப் போச்சு சாரே," என்றார் அப்புச்சேட்டன். "இக்கா மரிச்சுட்டாரு. பின்னே எழுந்தாரு."

"எந்த ஊர்ல?"

"மதராசில."

"கோயம்புத்தூர்னு காகிதத்துல இருக்கே."

"மதராசில மரிச்சாரு, கோயம்புத்தூர்ல எழுந்தாரு."

நான் எழுந்து, ஆபரேஷன் நடந்தபோது கதவுக்கு வெளியே நின்றதாகவும், ஏழு டாக்டர்கள் உள்ளே போனதாகவும் சொன்னேன். அப்படியா, போன தடவை நெஞ்சு நாப்பத்தாறு என்றீர்களே என்று அவர் கேட்டார். வீங்கியிருந்தது சார் என்றேன். என் வாயை நான் தைத்திருக்கலாம்.

லக்ஷ்மிநாராயணன் கையிலிருந்த பைலை மூடினார். கோபப்படவில்லை. "ராவுத்தரே, நான் போகட்டா," என்று எழுந்தார். அண்ணன் அவர் கையைப் பிடிக்கப் போனார், பிடிக்கவில்லை. வீடு கையை விட்டுப் போவது அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் எதிரே மண்டியில் குண்டூர் மிளகாய் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டை பொத்தென்று விழுந்து வாய் பிரிந்தது. தூசி தெருவைத் தாண்டி வந்தது. கடையில் அத்தனை பேரும் தும்மினோம். அண்ணனுக்கு இருமல் பிடித்தது. தலையணை மண்டியில் கிடந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, முழங்காலில் முகம் இடிக்கிற அளவுக்குக் குனிந்து இருமினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கொள்ளாம், நல்ல அபிநயம்," என்று அப்புச்சேட்டன் என் காதில் சொன்னார்.

இருமல் அடங்கியதும் அண்ணன் நிமிர்ந்தார். கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை இரண்டு பக்கமும் விலக்கினார்.

தொண்டைக்குழியிலிருந்து நேராக வயிறு வரை ஒரு தழும்பு. அவசரத்தில் போட்ட ஓட்டுத் தையல் மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாகத் துணி தைக்கிறேன், மனிதர் மேல் தைத்ததை அன்றுதான் பார்த்தேன். வேட்டியை விலக்கிக் காலையும் காட்டினார். பைபாஸுக்காக அங்கிருந்து நரம்பு எடுத்த கோடு. மால்களில் சுற்றி வந்த நொண்டல் அதுதான்.

 அப்புச்சேட்டன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"போன மாசம் நிர்பந்திச்சு ரெண்டு பரோட்டாவும் பீஃபும் திங்க வச்சேனே. ஷார்ஜாப் பவுசு காட்டாதேன்னு சொல்லி ஊட்டிவிட்டேனே. வாய் திறந்து ஒரு வாக்கு சொல்லக்கூடாதா? நீ மரிச்சுப் போயிருந்தா நான் எந்து செய்வேன்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "சொல்லியிருந்தா அந்தத் தலையணைக்கு நல்ல பஞ்சா வச்சுத் தச்சிருப்பேனே அண்ணே," என்றேன். 

லக்ஷ்மிநாராயணன் மறுபடி உட்கார்ந்தார். தழும்புகளை ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இவருடைய படத்தைக் காட்டி விசாரித்துவிடுகிறேன், அது போதும் என்றார். போகும்போது எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க யாரும் இனி ஒண்ணும் சொல்லண்டா," என்று கும்பிட்டார்.

இரண்டு மாதத்தில் கம்பெனி மிச்சக் கடனை அடைத்தது. நெஞ்சு ஒட்டுப் போட்டதாக இருந்தாலும் வீடு முழுசாக ஜலீலா அக்காவுடையதாகவே நின்றது.

ஆனால் செய்தி விருதுநகர் வரை போய்விட்டது. தங்கதுரை முதலாளி போன் செய்தபோது அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். எதையும் மறைப்பதில்லை என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

"பாய், நெஞ்சுல கத்தி வச்சாங்களாமே?"

"ஆமா முதலாளி."

 லாரி நின்றது என்றே நாங்கள் நினைத்தோம்.

"இருமும்போது தலையணை பிடிக்கிறீங்களா? துண்டைச் சுருட்டிப் பிடிங்க பாய், அதுதான் சுகம். மூணு வருஷம் முன்னாடி நான் காசிக்குப் போனேன்ல, காசியும் இல்ல, கங்கையும் இல்ல. மதுரை ஆஸ்பத்திரி."

 ஜலீலா அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். காசியிலிருந்து தங்கதுரை வாங்கி வந்து கொடுத்த பனாரஸ் பட்டின் டப்பாவை அன்றுதான் திருப்பிப் பார்த்தாராம். மதுரைக் கடைப் பேர் போட்டிருந்தது. முதலாளி லாரியை நிறுத்தவில்லை. உடம்பு தேறும்வரை பாதிச் சரக்கு அனுப்புகிறேன், வியாபாரம் வேறு நெஞ்சு வேறு என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மாதக் கடைசியில் உமைரா வந்தாள். ஷார்ஜாவில் நிஜமாகவே விமானம் ஏறி, நெடும்பாசேரியில் இறங்கி, டாக்ஸியில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜலீலா அக்கா பிறகு பார்சலில் அனுப்பிய, நான் தைத்த கவுனைக் குழந்தைக்குப் போட்டிருந்தாள். அது அக்குளில் இறுக்கிப் பிடித்தது. நாங்கள் எல்லோரும் மண்டி வாசலில் கூடிவிட்டோம்.

அப்புச்சேட்டனுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. "மோளே, ஷார்ஜாவிலேர்ந்து எங்களுக்கு எந்தா கொண்டு வந்தே?"

உமைரா எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"நான் எதுக்குக் கொண்டு வரணும்? அத்தாதான் எல்லாருக்கும் முன்னாடியே கொடுத்துட்டாங்களே."

தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. கையால் கல்லாவைத் துழாவினார், தலையணை கிடைக்கவில்லை. உமைரா ஓடிப்போய் அவரை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருமல் நின்றது. அவள் விடவில்லை.